ரகசிய எண் கொடுப்பதற்கே, பெறுவதற்கன்று!

 

சென்ற ஆண்டில் ஒருநாள், அஸர் தொழுகைக்குப் பின் மதரஸாவின் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த லாத்தா ஒருவர் வாசலில் நின்றிருந்தார். அவருடைய மகன் சவூதியில் பணிபுரிகிறார். மருமகளும் பேரப்பிள்ளைகளும் லாத்தாவின் பொறுப்பில் இருக்கிறார்கள். "ஹஜரத், என் மகனிடம் நீங்கள்தான் பேச வேண்டும். எனக்கு அந்தத் தைரியம் இல்லை" என்றார். குரல் தழுதழுத்தது.

நடந்தது இதுதான். பேத்தியின் கல்லூரிக் கட்டணத்திற்காக மகன் அனுப்பிய பணம் லாத்தாவின் வங்கிக் கணக்கில் இருந்தது. வீட்டில் பயன்படாமல் கிடந்த தையல் இயந்திரத்தை விற்றுவிட எண்ணி, பேத்தி இணையத்தில் விளம்பரம் செய்தாள். விலை 9,000 ரூபாய். மறுநாளே ஒருவன் தொலைபேசியில் பேசினான். தான் இராணுவத்தில் இருப்பதாகவும், நேரில் வர இயலாததால் பணத்தை முன்கூட்டியே அனுப்பிவிடுவதாகவும் பணிவாகச் சொன்னான். பிறகு பேத்தியின் கைப்பேசிக்குக் கட்டம் கட்டமான ஒரு சதுரப் படத்தை, அதாவது ஒரு கியூ.ஆர். கோடை அனுப்பினான். "முதலில் 5 ரூபாய்க்குச் சோதித்துப் பாருங்கள் அம்மா" என்றான். லாத்தா அதைத் தம் கைப்பேசியால் ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை இட்டார். 5 ரூபாய் போயிற்று. உடனே 10 ரூபாய் வந்தது. நம்பிக்கை பிறந்துவிட்டது!

அடுத்து வந்தது 9,000 ரூபாய்க்கான படம். ஸ்கேன் செய்தார், ரகசிய எண்ணை இட்டார். பணம் வரவில்லை, போயிற்று. "ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, இன்னொரு முறை செய்யுங்கள், இரண்டும் சேர்ந்து வந்துவிடும்" என்றான். இரண்டாவது 9,000மும் போயிற்று. அதன் பிறகு அந்த எண்ணில் எவரும் பேசவில்லை.

இதை லாத்தா என்னிடம் சொன்னது ஆறு நாட்கள் கழித்து! அந்த ஆறு நாட்களும் மகனுக்கு அஞ்சி வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்.

வாசகர்களே! அவரைப் பேதை என்று எண்ணிவிடாதீர்கள். மளிகைக் கணக்கில் ஒரு ரூபாய் பிசகாதவர் அவர். அவர் அறியாதிருந்தது ஒன்றே ஒன்றுதான். அதை நம் வீடுகளில் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இம்மாதம் இதை எழுதுகிறேன்.

இது எவ்வாறு இயங்குகிறது?

யு.பி.ஐ. எனப்படும் இந்தப் பணம் அனுப்பும் முறையை இந்திய தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2016ஆம் ஆண்டில் அறிமுகம் செய்தது. பீம், கூகுள் பே, போன்பே, பேடிஎம் ஆகியவை யாவும் இம்முறையைப் பயன்படுத்தும் செயலிகளே. பணம் செயலிக்குள் இருப்பதாகப் பலரும் நினைக்கின்றனர். அவ்வாறன்று. பணம் வங்கியில் இருக்கிறது. செயலி அதன் வாசற்கதவு மட்டுமே. அக்கதவுக்கு இரண்டு பூட்டுகள் உண்டு. ஒன்று, வங்கியில் பதிவு செய்த எண்ணுக்குரிய சிம் அட்டையுள்ள உங்கள் கைப்பேசி. மற்றொன்று, நீங்கள் மட்டுமே அறிந்த 4 அல்லது 6 இலக்க ரகசிய எண்.

ரகசிய எண் என்பது நீங்கள் இடும் கையொப்பம். காசோலையில் கையொப்பமிடுவது யார்? கொடுப்பவர் அல்லவா? வாங்குபவர் தம் கணக்கில் வரவு வைக்கப்படுவதற்குக் கொடுப்பவரின் காசோலையில் கையொப்பமிடுவதில்லையே! அதுபோலவே, பணம் அனுப்பவும் கணக்கில் உள்ள இருப்பைப் பார்க்கவும் ரகசிய எண் கேட்கப்படும். பணம் பெறுவதற்கு அது ஒருபோதும் தேவையில்லை. எதையும் ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. 2025ஆம் ஆண்டில் ரகசிய எண்ணுக்கு மாற்றாக விரல்ரேகையும் முக அடையாளமும் அனுமதிக்கப்பட்டன. அவற்றுக்கும் இதே விதிதான். "உங்களுக்குப் பணம் வருகிறது, ரகசிய எண்ணை இடுங்கள்" என்று எவர் சொன்னாலும், அவர் உங்கள் பணத்தை எடுக்க வந்தவர்.

தனிநபர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் பணம் கேட்டுச் செயலி வழியே வேண்டுகோள் அனுப்பும் வசதி, இத்தகைய மோசடிகளின் காரணமாகவே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது. ஆயினும் லாத்தாவை ஏமாற்றிய சதுரப் படம் இன்றும் இருக்கிறது. எனவே எச்சரிக்கை தேவை.

அனுப்பும்போது

பணம் அனுப்புமுன் திரையில் தோன்றும் பெயரை நின்று நிதானித்துப் படியுங்கள். பெறுபவரின் வங்கிக் கணக்கில் உள்ள பெயரையே காட்ட வேண்டும் என்ற விதி 2025 ஜூன் 30 முதல் செயலிகளுக்கு உண்டு. பெயர் பொருந்தவில்லையெனில் நிறுத்திவிடுங்கள். கடைகளில் ஒட்டியுள்ள கோட்டின் மேல் வேறொரு கோட்டை ஒட்டிவிட்டுப் போகும் கயவர்களும் உண்டு. பெயரைப் படித்தால் அதுவும் வெளிப்பட்டுவிடும். புதியவருக்குப் பெருந்தொகை அனுப்புவதாயின், முதலில் 1 ரூபாய் அனுப்பி, அவருடன் நேரில் பேசி, வந்ததா என்று கேட்டறிந்த பின் மீதியை அனுப்புங்கள்.

"தவறுதலாக உங்களுக்குப் பணம் அனுப்பிவிட்டேன், பிள்ளை மருத்துவமனையில் இருக்கிறது, திருப்பி அனுப்புங்கள்" என்று ஒருவர் அழுதால் நம் உள்ளம் இளகிவிடும். பிறர் பொருளை வைத்திருக்கலாகாது என்ற நம் நல்லெண்ணத்தையே அவன் தூண்டிலாக்குகிறான். அவன் காட்டும் குறுஞ்செய்தியை நம்பாமல், உங்கள் வங்கிக் கணக்கில் பணம் உண்மையிலேயே வந்துள்ளதா என்று பாருங்கள். வந்திருந்தாலும் நீங்களாக அனுப்பாதீர்கள். அவருடைய வங்கி மூலம் முறையிடச் சொல்லுங்கள். உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள். அமானிதம் பேணுவதற்கு அதுவே சரியான வழி.

வாங்கும்போதும் விற்கும்போதும்

அறியாத ஒருவரிடம் இணையத்தில் பொருள் வாங்கும்போது, பொருளைக் கையில் பெற்ற பின் பணம் கொடுக்கும் வழி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். சந்தை விலையில் பாதிக்குத் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவரிடம் ஏன் ஓடவேண்டும்? சிறு கடை நடத்தும் சகோதரர்கள், வாடிக்கையாளர் தம் கைப்பேசியில் காட்டும் 'பணம் செலுத்தப்பட்டது' என்ற படத்தை மட்டும் நம்பிப் பொருளைத் தரலாகாது. அதே தோற்றத்தில் போலிச் செயலிகளே உள்ளன. உங்கள் கணக்கில் வரவு விழுந்ததைப் பாருங்கள். கடையில் ஒலிபெருக்கிப் பெட்டி இருந்தால் அது அறிவிப்பதைக் கேளுங்கள்.

திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் கோப்பின் முடிவில் 'ஏபிகே' என்று இருந்தால் திறக்காதீர்கள். அது அழைப்பிதழன்று, உங்கள் கைப்பேசிக்குள் புகுந்து குறுஞ்செய்திகளைக் களவாடும் செயலி. வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடாமல் செயலிக்குள்ளேயே பாருங்கள். உங்கள் திரையைத் தமக்குக் காட்டச் சொல்பவர் எவராயினும் இணைப்பைத் துண்டியுங்கள்.

மற்றொரு யோசனை. குமர் காரியத்துக்கும் ஹஜ்ஜுக்கும் சேர்த்த பணம் உள்ள கணக்கைச் செயலியில் இணைக்காதீர்கள். மாதச் செலவுக்கென வேறொரு கணக்கைத் திறந்து, தேவையான அளவு மட்டும் அதில் வைத்து, அதையே செயலியில் இணையுங்கள். இழப்பு நேரினும் அது அந்தச் சிறு தொகையோடு நின்றுவிடும்.

ஏமாந்துவிட்டால்?

உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். இது இணையவழிப் பண மோசடிகளுக்கான மத்திய அரசின் உதவி எண். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசுத் தளத்திலும் புகார் பதியலாம். வங்கிக்கும் அப்போதே தெரிவித்துவிடுங்கள். களவாடப்பட்ட பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்கிற்கு ஓடிக்கொண்டே இருக்கும். எங்கேனும் எடுக்கப்படுமுன் முறையிட்டால் அதை முடக்கிவைக்க வழியுண்டு. தாமதித்தால் வெற்றுக் கணக்குதான் மிஞ்சும். கைப்பேசி தொலைந்தால் முதலில் சிம் அட்டையை முடக்கச் செய்து, பின் வங்கியை அழையுங்கள். வங்கியிடம் கொடுத்த புகாருக்கு 30 நாட்களில் தீர்வு கிடைக்காவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

லாத்தாவின் பணம் மீளவில்லை. அவருடன் சென்று புகார் பதிந்தோம். ஆனால் ஆறு நாட்களில் அது பல கணக்குகள் கைமாறி எடுக்கப்பட்டுவிட்டது.

அன்றிரவு அவருடைய மகனிடம் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டபின் அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஹஜரத், உம்மா சாப்பிட்டார்களா?" என்று கேட்டார். அருகில் நின்ற லாத்தா தேம்பி அழுதுவிட்டார். மகனிடமிருந்து இந்தச் சொல்தான் வரும் என்று முதல் நாளே அவர் அறிந்திருந்தால், அன்றே சொல்லியிருப்பார் அல்லவா?

குடும்பத் தலைவர்களே! வெளிநாட்டில் வியர்வை சிந்தும் சகோதரர்களே! உங்கள் வீட்டுப் பெண்களுக்குச் செயலியை நிறுவிக் கொடுத்தால் மட்டும் போதாது. "ஏமாந்தாலும் அந்த நிமிடமே என்னிடம் சொல், நான் கோபிக்கமாட்டேன்" என்ற வாக்கையும் கொடுங்கள். வாக்கைக் கொடுத்துவிட்டு, அந்த நாள் வந்தால் அதைக் காப்பாற்றுங்கள். திருடனுக்குத் தேவை கால அவகாசம். அதை அவனுக்குத் தருவது நம் வீட்டில் நிலவும் அச்சமே.

இன்று இரவு உணவுக்குப் பின், வீட்டிலுள்ள அனைவரையும் அமரவைத்து இரண்டு செய்திகளைச் சொல்லிக் கொடுங்கள்: ரகசிய எண் கொடுப்பதற்கே, பெறுவதற்கன்று. ஏமாந்தால் 1930.

அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.