சின்னத்திரை வன்முறையும் சிறுவர் மனமும்

சின்னத்திரையில் காட்டப்படும் அடிதடியும் கொலையும் சிறுவரின் நடத்தையைக் கெடுக்கின்றனவா என்ற கேள்வி புதியதல்ல. இலங்கையில் 1979 ஆம் ஆண்டு தொலைக்காட்சி ஒளிபரப்பு ஆரம்பமாவதற்கு முன்னரே மேலைநாட்டு ஆய்வாளர்கள் இதற்கு விடை தேட முற்பட்டிருந்தனர்.

அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் அல்பேர்ட் பண்டூரா 1965 இல் வெளியிட்ட ஆய்வு இங்கு கவனத்திற்குரியது. ஒருவர் பொம்மையொன்றை அடித்துத் துன்புறுத்தும் படம் 66 சிறுவர்களுக்குக் காண்பிக்கப்பட்டது. ஒரு பிரிவினர் பார்த்த படத்தின் முடிவில் அடித்தவருக்குப் பரிசு கிடைத்தது; மற்றொரு பிரிவினர் பார்த்ததில் தண்டனை கிடைத்தது; மூன்றாம் பிரிவினர் பார்த்ததில் இரண்டுமே இல்லை. தண்டனையைக் கண்ட பிள்ளைகள் அச்செயலைக் குறைவாகவே பின்பற்றினர். எனினும், பார்த்ததைச் செய்துகாட்டினால் பரிசு தரப்படும் எனக் கூறப்பட்டதும் அந்த வேறுபாடு மறைந்துபோனது. பாடம் எல்லோர் மனதிலும் பதிந்திருந்தது என்பதே இதன் பொருள்.

எனவே, 'இறுதியில் வில்லன் தண்டிக்கப்படுகின்றானே' என்று சமாதானம் கூறி வன்முறைக் காட்சிகளை நியாயப்படுத்துவதை நாம் ஏற்பதற்கில்லை.

அதேவேளை, பழி முழுவதையும் தொலைக்காட்சி மீது சுமத்துவதும் பொருந்தாது. கனடாவின் சிற்றூரொன்றுக்கு 1973 இல் தொலைக்காட்சி வந்து இரண்டு ஆண்டுகளின் பின்னர் அங்கு சிறுவரிடையே முரட்டுத்தனம் அதிகரித்திருந்தது. ஆனால், அத்திலாந்திக் சமுத்திரத்திலுள்ள சென் ஹெலேனா தீவில் 1995 இல் தொலைக்காட்சி அறிமுகமான பின்னர் அத்தகைய சீர்கேடு அவதானிக்கப்படவில்லை. வீட்டிலும் பாடசாலையிலும் பெரியோர் செலுத்திய அக்கறையும் கண்காணிப்பும் இதற்கு முக்கிய காரணங்கள் என ஆய்வாளர்கள் கருதினர்.

இன்று அந்தக் கண்காணிப்பே எமது இல்லங்களில் அருகி வருகின்றது. முன்னர் குடும்பமே கூடியிருந்து பார்த்த திரை, இப்போது கையடக்கத் தொலைபேசியாகப் பிள்ளையின் கையில் தனித்திருக்கின்றது. பிள்ளை எதைப் பார்க்கின்றது என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். அருகிலிருந்து பார்ப்பதும், கண்டதைப் பற்றி உரையாடுவதும், பிழையைப் பிழையென எடுத்துரைப்பதும் அவர்களது கடமையாகும்.

இன்னுமொன்றையும் நாம் மறந்துவிடலாகாது. பண்டூரா 1961 இல் நடத்திய முதலாவது பரிசோதனையில் சிறுவர் பார்த்தது படத்தையல்ல. தம்முன்னே நின்று பொம்மையை அடித்த பெரியவரையே. அவர்கள் அவரையும் அவ்வாறே பின்பற்றினர். திரையில் நிகழும் அடிதடியைக் கண்டித்துவிட்டு வீட்டிலும் வகுப்பறையிலும் பிரம்பைக் கையிலெடுப்போர் இதனைச் சிந்திக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.