விபத்தில் அடிபட்டவருக்கு வக்கீல் யார்?

காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னிலையில் பொய்ச் சத்தியம் செய்ய இந்தப் பக்கத்தில் யாருக்கும் துணிவு வராது. அதனால்தான் சித்தூர்ச் சாலையில் காரோ வேனோ இடித்துவிட்டால், "பிள்ளையார் மேல் ஆணை, வைத்தியச் செலவு முழுக்க என்னுடையது, போலீசுக்கு மட்டும் போக வேண்டாம்" என்று வண்டிக்காரர் சொன்னதும் நம்மவர்கள் நம்பிவிடுகிறார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அந்தச் சத்தியம் செல்லாது. அது கேட்பது எஃப்.ஐ.ஆர். நகலும் காயச் சான்றும்தான்.

சில மாதங்களுக்கு முன் குடியாத்தம் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் தரிசனம் முடித்துத் திரும்புகையில் கார் மோதிக் கால் முறிந்தது. தெலுங்கு தெரியாதவர். பேசி உதவ என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் புரோக்கர் ஒருவர் வந்து போயிருந்தார். தெலுங்கில் அச்சடித்த வக்காலத்திலும் எதுவும் எழுதாத இரண்டு வெள்ளைத் தாள்களிலும் கையெழுத்து வாங்கியாயிற்று. கைக்காசு வேண்டாம், வருவதில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்று பேச்சு. கொத்தனாரின் சம்சாரம் அந்தப் புரோக்கரைத் தெய்வமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

வழக்கில் கிடைக்கும் தொகையில் வக்கீல் பங்கு பேசக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. தெலங்கானாவில் 1998-ல் கணவரை விபத்தில் பறிகொடுத்த ஒரு பெண்மணியிடம், நஷ்டஈட்டில் சதவீதக் கணக்குப் போட்டு வக்கீல் செக் வாங்கினார். செக் திரும்பியதும் அவர் மேலேயே கேஸ் போட்டார். சதவீதக் கட்டணம் செல்லாது என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தக் கேஸை ரத்து செய்தது. பங்கு கேட்காமல் முறையான கட்டணம் வாங்கும் வக்கீல்கள் சித்தூரிலும் திருப்பதியிலும் இருக்கிறார்கள். அவர்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலைத் தேடி வருவதில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று, விபத்து நடந்த ஊரிலேதான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி அடிபட்டவர் தாம் குடியிருக்கும் இடத்து நஷ்டஈட்டு மன்றத்திலேயே மனுச் செய்யலாம். குடியாத்தத்துக்காரருக்கு வேலூர் மாவட்டம் போதும். இங்கே குடியிருக்கும் நாம் ஆம்பூரில் அடிபட்டால் சித்தூரிலேயே போடலாம். (ரயிலில் அடிபட்டால் அதற்குத் தனி ட்ரிப்யூனல். அது என் இலாகா, பிறகொரு நாள் எழுதுகிறேன்.) 2022 ஏப்ரல் முதல் மனுவுக்கு ஆறு மாதக் கெடு உண்டு. காலதாமதத்துக்காக மனுவைத் தள்ள வேண்டாமென்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டிருந்தாலும், அதை நம்பிச் சும்மா இருப்பது புத்திசாலித்தனமல்ல.

பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும், ஆலைத் தொழிலாளருக்கும், குறைந்த வருமானக்காரருக்கும் சட்டப் பணிகள் ஆணையம் இலவசமாக வக்கீல் வைத்துத் தருகிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். இது எத்தனை பேருக்குத் தெரியும்? இந்த நாலு வரியைத் தமிழிலும் எழுதிக் காணிப்பாக்கம் கோயில் வாசலிலும், சித்தூர், திருப்பதி ஆஸ்பத்திரிகளிலும் பலகை வைக்க மாவட்ட ஆணையத்துக்கு என்ன செலவாகிவிடும்?

கொத்தனாருக்கு நான்காம் நாள்தான் எஃப்.ஐ.ஆர். பதிவாயிற்று. வக்காலத்தை ரத்து செய்து, வேலூரில் இலவச வக்கீல் மூலம் மனுப் போட்டிருக்கிறார். அந்த இரண்டு வெள்ளைத் தாள்களும் இன்னும் திரும்பி வரவில்லை.