பெயின்ட் அடித்ததுதான் குற்றமா?

‘எக்ஸ்ட்ரீமதூராவின் லின்எக்ஸ் இயங்குதளம், டெபியன் என்ற லினக்ஸுக்குப் பெயின்ட் அடித்த வேலை, அதனால்தான் செத்தது’ என்கிறார் நண்பர். டெபியன்தான், யார் மறைத்தார்கள்? எக்ஸ்ட்ரீமதூரா மாதிரி ஸ்பெயினின் ஏழைப் பிரதேசம் ஒன்று 2002-இல் இயங்குதளத்தை அடியிலிருந்தா எழுதும்? நாரைச் சின்னம் வைத்தார்கள், கிம்ப் என்ற பட மென்பொருளுக்குத் தங்கள் ஊர் ஓவியர் சுர்பரானின் பெயரையே சூட்டினார்கள். கொஞ்சம் அதிகப்படிதான், போகட்டும். ஆனால் உரிமக் கட்டணம் மிச்சமானதால்தானே உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டு மாணவருக்கு ஒரு கணினி வைக்க முடிந்தது? அந்த வகுப்பறைகள் நண்பரின் கணக்கிலேயே இல்லை. பக்கத்து அந்தலூசியா லின்எக்ஸை வைத்துத்தான் தன் குவாதலினெக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கியது, பிறகு உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸுக்குத் தாவியது. 2011 கடைசியில் எக்ஸ்ட்ரீமதூரா அரசே லின்எக்ஸைக் கைகழுவி, தேசிய அமைப்பான செனாட்டிக்கிடம் தள்ளிவிட்டது. அதற்கு டெபியன் என்ன செய்யும்?