பழைய தண்ணீர் மேல் என்ன பாசம்?

வீடு மாறும்போது பவளத் தொட்டியையும் கொண்டுபோகிறவர்கள் முதலில் பழைய தண்ணீரைத்தான் கேன் கேனாகப் பிடித்து வைக்கிறார்கள். தொட்டியின் உயிரே அதில் இருப்பதாக நம்பிக்கை. எனக்கு இந்தப் பாசம் புரிவதில்லை. மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களில் பெரும்பகுதி தண்ணீரில் மிதப்பதில்லை. லைவ் ராக் எனும் பாறையின் துளைகளிலும் மணலிலும் ஒட்டிக்கிடக்கின்றன. பாறை காய்ந்தால் அவையும் சாகும், அதில் வளர்ந்த கடற்பஞ்சுகளும் சாகும், அழுகலில் மறுபடி அம்மோனியா ஏறும். ஈரம் காக்க வேண்டியது பாறைக்கு. தண்ணீரைப் புது வீட்டில் முந்தின நாளே உப்புக் கலந்து, சூட்டைச் சரிபார்த்து, பம்ப் போட்டுச் சுழலவிட்டு வைக்கலாம். மீனும் பவளமும் பயணம் போகிற அளவுக்குப் பழையது இருந்தால் போதும்.

மணல் வேறு கதை. ஆண்டுக்கணக்கில் கிளறாத ஆழமான மணலின் அடியில் ஆக்சிஜன் இராது. கறுத்த அந்த அடுக்கில் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு உட்கார்ந்திருக்கலாம். அதைக் கலக்கி அப்படியே புது இடத்தில் கொட்டினால் ஒரே இரவில் எல்லாம் போய்விடக்கூடும். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று பார்க்காதீர்கள். நன்றாக அலசுங்கள், இல்லையேல் எறியுங்கள். மீன் பிடிப்பது கடைசியில். பாறை உள்ளே இருக்கும்வரை அது வலைக்கு அகப்படாது. தண்ணீரோடு தொட்டியைத் தூக்கிவிடலாம் என்கிற மைத்துனர் எல்லா வீட்டிலும் உண்டு. 300 லிட்டர் கடல்நீரே 300 கிலோவுக்கு மேல் என்று சொல்லி அவரைக் காபி வாங்க அனுப்பிவிடலாம்.