ஏவலும் வினாவும்

கையிற் கத்தியேந்தித் தன்னுடலைத் தானே கீறிக்கொண்டு நிற்கும் ஒருவனை நோக்கி, "கத்தியைக் கீழே போடு" என்று பன்முறை உரத்துக் கூவினால் அவன் போட்டுவிடுவானா? புத்தி தெளிந்தவன் போடுவான். புத்தி தெளிந்தவனாயின் அக்கோலத்தில் நிற்பானேன்? 1987-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த டென்னஸி மாகாணத்து மெம்பிஸ் நகரில், 27 வயதினனாகிய மனநோயாளன் ஒருவன் அவ்வண்ணமே நின்றான். அழைப்பின்பேரில் வந்த போலீசார் கத்தியைப் போடுமாறு கட்டளையிட்டனர். அவன் கீழ்ப்படியாது அவர்களை நோக்கி வர, அவர்கள் சுட்டனர், அவன் மாண்டான். தன்னைத்தான் மாய்த்துக்கொள்ளாதபடி ஒருவனைக் காக்க வந்தவர்களே அவனை மாய்த்தனர்.

நகர மக்கள் கொதித்தெழுந்தனர். அதன் பயனாக 1988-இல் அந்நகரப் போலீசாரும், மனநோயாளரின் குடும்பத்தார் சங்கமும், பல்கலைக்கழகத்தாரும், மருத்துவரும் ஒருங்குகூடிப் புதியதொரு படையை வகுத்தனர். ரோந்து செல்லும் போலீசாருள் தாமாக முன்வந்தோர்க்கு 40 மணி நேரப் பயிற்சி அளிக்கப்பட்டது. தாழ்ந்த குரலிற் பேசுதல், ஒருவரே பேசுதல், தம் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுதல், விரையாமை ஆகிய இவையே அதன் பாடங்கள். மனநோயாளரோடும் அவர்தம் உறவினரோடும் இருந்து அளவளாவுதலும் அப்பயிற்சியில் ஒரு பகுதியாம்.

நிற்க. தமிழிலக்கணம் பயிலும் எனக்கு இதனைப் படித்தபொழுது நன்னூலார் வினாவை அறுவகையாகப் பகுத்தமை நினைவிற்கு வந்தது. அவற்றுள் ஏவல்வினா என்பதொன்று. உருவத்தால் வினாவாயினும் உள்ளத்தால் அது கட்டளையே. தெருவில் நிற்பவனைப் போலீசார் "இங்கே உனக்கென்ன வேலை?" என்பது விடை வேண்டியன்று, அவனை அகலச் செய்தற்பொருட்டே. மெம்பிஸ் நகரத்தார் தம் போலீசார்க்குக் கற்பித்தது அறியாவினா. "உனக்கு என்ன நேர்ந்தது? யாரை வரவழைக்கட்டும்?" என்று மெய்யாகவே விடையறிய வேண்டிக் கேட்பது அது. விடை கூறத் தொடங்குபவன் சிறிது பொழுதேனும் கத்தியை மறக்கின்றான். இலக்கணத்தை இவ்வளவு தூரம் இழுத்தமைக்கு என் ஆசிரியர் பொறுத்தருள்வாராக.

போலீசாரும் உயிருடையவர்கள், மனைவி மக்களையுடையவர்கள். கத்திக்கு முன்னே நின்று கனிமொழி பேசுவது எங்ஙனம் எனச் சிலர் வினவுவர். சால்ட் லேக் சிட்டிப் போலீஸ் அதிகாரியாகிய டென்னிஸ் ட்யூலர் என்பார், கத்தியேந்தியவன் 21 அடித் தொலைவை ஏறத்தாழ ஒன்றரை வினாடியிற் கடந்துவிடுவான் என 1983-இல் எழுதினார். அதனை அந்நாட்டுப் போலீசார் பலர், அவ்வெல்லைக்குள் வந்தவனைச் சுடுதற்குரிய விதியெனவே கொண்டனர். 21 அடி ஆபத்தாயின், 40 அடி விலகி வண்டியின் மறைவில் நிற்பதற்கன்றோ அக்கணக்கு உதவுதல் வேண்டும்? விலகி நின்றவனுக்கே பொழுது கிடைக்கும். பொழுது கிடைத்தவனுக்கே பேச்சு வரும். கெண்டக்கி மாகாணத்து லூயிவில் நகரில் 2019-இல் இத்தகைய மற்றொரு பயிற்சி அளிக்கப்பட்டபோது, போலீசார் பலாத்காரம் புரிந்த நிகழ்ச்சிகள் நூற்றுக்கு 28 குறைந்தன என ஆராய்ந்தோர் கண்டனர். பொதுமக்களுக்கு நேர்ந்த காயங்கள் நூற்றுக்கு 26 குறைந்தன; போலீசார்க்கு நேர்ந்தவையோ 36 குறைந்தன. இதனால் மிகுதியும் காக்கப்பட்டவர் போலீசாரே என்பதை மறுப்போர் நோக்குக.

ஆயினும் இப்பயிற்சியை மந்திரமெனக் கொள்ளேன். மெம்பிஸ் முறையைப் பயின்றோர் மனநோயைப் பற்றிய அறிவிலும் மனத்துணிவிலும் மேம்பட்டனர் என்பது தெளிவு. அதனாற் சுடுதல் குறைந்ததா என்பதில் ஆராய்ச்சியாளர்க்கு இன்னும் உறுதி பிறந்திலது. பயிற்சிக்கு ஒதுக்கும் காலமும் சொற்பம். அந்நாட்டுப் போலீஸ் நிலையங்கள் பலவற்றை 2015-இல் வினவியதில், புதிதாய்ச் சேர்வோர் துப்பாக்கிப் பயிற்சிக்கு 58 மணி நேரமும், கலகம் முற்றாது தணிக்கும் பயிற்சிக்கு 8 மணி நேரமுமே செலவிடுவதாகத் தெரியவந்தது.

மெம்பிஸ் நகரத்தார் செய்த மற்றொன்றைப் பிற நகரங்கள் பலவும் எளிதில் மறந்தன. போலீசார் அழைத்துவரும் நோயாளனை எந்நேரத்தும் மறுக்காது ஏற்க ஆஸ்பத்திரி ஒன்று அங்கே இசைந்தது. அவனை ஒப்புவித்த போலீஸ்காரர் நெடுநேரம் காத்திராது தம் பணிக்குத் திரும்பலாம். அக்கதவு இல்லாத ஊரில், ஒரு மணி நேரம் இன்சொற் கூறிக் கத்தியை வாங்கிய போலீஸ்காரர் நள்ளிரவில் அந்நோயாளனை எங்கே கொண்டுசெல்வார்? அவர் கையில் எஞ்சியிருப்பது சிறைச்சாலையின் திறவுகோல் ஒன்றே.