பத்து வரி எழுதுங்க!



நல்ல புத்தகம் தானாவே பேர் வாங்கிடும் என்கிறாள் என் தோழி. நான் ஒத்துக்க மாட்டேன். ஆன் ஃபிராங்க் கதையையே எடுத்துக்கோங்க.

அவள் யூதப் பெண். ஹிட்லரின் ஆட்களுக்குப் பயந்து 1942 ஜூலை முதல் ஆம்ஸ்டர்டாமில் குடும்பத்தோடு ஒளிந்திருந்தாள். போர்க்கால டைரிகளைச் சேர்த்து வைக்கணும் என்று 1944 மார்ச்சில் ஓர் அமைச்சர் ரேடியோவில் சொன்னதும், தன் டைரியை நாவல் மாதிரி தனித்தாள்களில் திருத்தி எழுத ஆரம்பித்தாள். தலைப்புகூட வச்சுட்டா! முடிப்பதற்குள் ஆகஸ்டில் பிடித்துப் போனார்கள். 1945-ல் முகாமில் இறந்தபோது வயது 15. என்னைவிட ஒரு வயசுதான் பெரியவள்.

வீட்டில் அப்பா மட்டும்தான் மிஞ்சினார். அவர் தொகுத்ததைப் பதிப்பகங்கள் வேண்டாம்னுட்டாங்க. 1946 ஏப்ரலில் யான் ரோமைன் என்ற வரலாற்றாசிரியர் அதைப் பற்றிச் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் எழுதினார். அப்புறம்தான் ஒரு பதிப்பகம் முன்வந்தது. 1947 ஜூனில் புத்தகம் வெளியானது. எழுதினவள் பார்க்கவில்லை. அதை நினைச்சா எனக்குத் தொண்டை அடைக்குது.

அஸ்தினாபுரத்திலிருந்து புத்தகக் கண்காட்சிக்குப் போக எல்லா வீட்டிலும் காசு இருக்காது. ஆனால் நம்ம பீரோவிலேயே பேர் தெரியாதவங்க எழுதின முதல் புத்தகங்கள் அட்டை மடங்காம கிடக்குதே! மாலை, மைக் எதுவும் வேண்டாம். இந்தச் சுவரில் ஓர் ஓரம் ஒதுக்குங்க. படிச்சவங்க பத்து வரி எழுதுங்க, பிடிக்கலைன்னாலும்.

டீச்சர், வெள்ளிக்கிழமை மதியம் பீரோ சாவி கிடைக்குமா?

– ஒன்பதாம் வகுப்பு மாணவி