நாக்கில் ஒட்டும் நீலம்

முப்பது வருடம் பள்ளியில் வேதியியல் சொல்லிக் கொடுத்தவள் நான். ஆடி மாதம் பிறந்தால் வகுப்புக்கு நாவல்பழம் வாங்கிப் போவேன். தோலை வெந்நீரில் ஊறவைத்துச் சாற்றை இரண்டு சோதனைக் குழாய்களில் ஊற்றுவோம். எலுமிச்சை பிழிந்த குழாய் செக்கச்செவேலென்று ஆகும். சமையல் சோடா போட்டது நீலமும் பச்சையுமாகத் திரியும். பிள்ளைகள் நாக்கை நீட்டிக் காட்டிச் சிரிப்பார்கள். அந்த நிறமிக்கு ஆந்தோசயனின் என்று பெயர். கருந்திராட்சையிலும் புளூபெர்ரியிலும் இருப்பது அதே வகைதான்.

போன மாதம் என் கொழுந்தனார் அதை மாத்திரையாக வாங்கி வந்தார். அறுபது மாத்திரை 1,800 ரூபாய். "அண்ணி, இது கேன்சரே வராமத் தடுக்குமாம்." பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எங்கும் அப்படி எழுதியிருக்கவில்லை. கடைக்காரர் வாயால் சொன்னதாம். இதைச் சொல்லும்போதும் அவர் வாயில் பாக்கும் புகையிலையும் அடக்கியிருந்தார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம்பிக்கைக்கு இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேரி ஸ்டோனர் குழுவினர் கருப்பு ராஸ்பெர்ரியை உறையவைத்து உலர்த்திப் பொடித்து எலிகளுக்குக் கொடுத்தார்கள். உணவுக்குழாயில் கட்டிகள் குறைந்தன. நல்ல ஆராய்ச்சி. ஆனால் தீவனத்தில் 5 முதல் 10 சதவீதம் அந்தப் பொடிதான். நீர் முழுக்க வற்றிய பொடி அது. அந்த அளவுக்கு மனிதர் பழம் தின்பதென்றால் தினமும் நிறையவே வேண்டும். அதோடு என் சோதனைக் குழாயையும் நினைத்துப் பாருங்கள். இரைப்பையின் புளிப்பில் நிலைக்கும் இந்த நிறமி, குடலுக்கு இறங்கியதும் சிதையத் தொடங்குகிறது. முழுசாக ரத்தத்தில் சேருவது மிகச் சொற்பம்; பெரும்பகுதியைக் குடல் நுண்ணுயிர்கள் உடைத்து வேறு பொருளாக்கிவிடுகின்றன.

நிறமியை மாத்திரையாக்கி ஒருமுறை நாம் சூடுபட்டும் இருக்கிறோம். கேரட்டின் ஆரஞ்சு நிறம், பீட்டா கரோட்டின். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த ஆய்வில் ஒரு பகுதியினருக்குத் தினமும் 20 மில்லிகிராம் அதைக் கொடுத்தார்கள். நுரையீரல் புற்று குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தது: அதை விழுங்கியவர்களிடம் 18 சதவீதம் கூடியிருந்தது. கேரட் தின்றவருக்கு வந்த கேடல்ல இது. தனிப்பொருளாகக் குவித்துக் கொடுத்ததில் வந்தது. ஆந்தோசயனினும் அப்படித்தான் செய்யும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பழத்துக்கு உள்ள நற்பெயரை மாத்திரைக்கு எழுதிக்கொடுப்பதை வேதியியல் படித்த என்னால் ஏற்க முடியாது.

பாக்கைப் பற்றியோ சந்தேகமே இல்லை. புகையிலை சேராத வெறும் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2003-லேயே அறிவித்துவிட்டது. அதை ஒவ்வொரு பெட்டிக்கடை வாசலிலும் சரம் சரமாகத் தொங்கவிட்டுவிட்டு, மருந்துக்கடையில் ஊதா மாத்திரை விற்கிறோம். எனக்கு ஆத்திரமாக வருகிறது.

கொழுந்தனாருக்கு நேற்று கால் கிலோ நாவல்பழம் வாங்கி, உப்புத் தூவிக் கொடுத்தேன். இரண்டு தின்றவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார், எரிகிறதாம். டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு. மூன்று மாதமாக இருக்கிறது என்கிறார். திங்கட்கிழமை காலை பல் மருத்துவரிடம் நானே அழைத்துப் போகிறேன்.